மாமி பொட்டு வைத்த செப்புக் குழாய்

என் கராஜில், ஜன்னலுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு செப்புக் குழாய் தொங்குகிறது. சுண்டுவிரலை விட மெல்லியது. நிமிர்த்தினால் என் கை நீளத்துக்கு மேல் ஒரு சாண் வரும். ஆனால் நிமிர்த்த முடியாது, நிமிர்த்தவும் விடமாட்டேன். கைப்பிடியிலிருந்து கொஞ்சத் தூரம் நேராகப் போய், இடப்பக்கம் சரிந்து, திடீரென்று மேலே ஏறி, மறுபடி கீழே இறங்கி, கடைசியில் வேலிக்கு மேலால் பக்கத்து வளவை எட்டிப் பார்ப்பவர் போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ உடைந்த சாமானின் மிச்சம் என்று நினைப்பார்கள். கிட்டப் போய்ப் பார்ப்பவர்களுக்குத்தான் அதன் கைப்பிடிக்குச் சற்று மேலே அப்பியிருக்கும் சந்தனமும், சந்தனத்தின் நடுவே குங்குமமும் தெரியும். பொட்டைப் பார்ப்பார்கள், என் மேசைக்கு மேலே தொங்கும் வேதவசனக் கலண்டரைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் ஏதாவது வேலை இருப்பது போலக் குனிந்துகொள்வேன்.

செங்கலடியில் இந்தக் கராஜைப் போட்டுச் சில வருஷங்கள் ஆகின்றன. திருத்த வேலையும் செய்கிறேன் என்றாலும், இப்போது என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் பார்ப்பதற்காகவே வருகிறார்கள். அதாவது, இயந்திரத்தைக் கழற்றாமல் அதன் உள்ளே பார்ப்பதற்கு. அரிசி ஆலையில் நெல்லை மேலே தூக்கிக் கொண்டுபோகும் பட்டியின் மேல் உருளை, பாசிக்குடா ஹோட்டலில் சுவருக்குள் புதைந்துபோன குளிரூட்டிக் குழாய், மீன்பிடிப் படகின் எஞ்சினில் கையும் போகாத கண்ணும் போகாத ஒரு மூலை. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி செய்து கொடுக்கிறேன். போனில் பொருத்திப் பார்க்கும் சின்னக் கமரா இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொண்டு போனவர்கள் மறுநாளே என்னிடம் வருவார்கள். அந்தக் கமராவின் வயர் அவித்த இடியப்பம் மாதிரி துவண்டு விழும். நீங்கள் நினைத்த இடத்துக்கு அது போகாது, அதற்குப் பிடித்த இடத்துக்குத்தான் போகும். கமராவைக் கடையில் வாங்கலாம், வழியை வாங்க முடியாது என்று அவர்களுக்குச் சொல்வேன். வழியைச் செய்வதுதான் என் தொழில். ஒரு மெசினுக்குச் செய்த வழி இன்னொரு மெசினுக்கு உதவாது. ஆணியில் தொங்கும் குழாய்தான் நான் செய்த முதல் வழி, அதுவும் ஒரே ஒரு நாள் மட்டும் வேலை செய்த வழி. அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமி என் மனைவியின் அம்மா. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேருவான். நானும் அப்படித்தான் நகரத்தில் வாவிக்கரை ஓரமாக இருந்த எங்கள் வீட்டை விட்டுச் சித்தாண்டிக்கு வந்தேன். எங்களுடையது மெதடிஸ்ட் குடும்பம். ஞாயிறென்றால் காலையில் ஆராதனை, மத்தியானம் இறைச்சிக்கறி. மாமியோ முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் வீட்டு முற்றத்தில் மீன் செதில்கூட விழ விடாதவர். மகள் பிடிவாதமாக நின்றதால் சம்மதித்தார். கல்யாணத்தில் சிரித்தபடிதான் நின்றார் என்று படங்கள் சொல்கின்றன. ஆனால் அவருடைய வீட்டுக்கு வந்து ஐந்து வருஷமாகியும் அவர் என்னோடு நேராக ஒரு சொல் கதைக்கவில்லை.

பழைய வழக்கத்தில் மாமியார் மருமகனுக்கு முன்னால் நின்று கதைப்பது குறைவுதான். மாமி அந்த வழக்கத்தைக் காப்பாற்றினாரா, அல்லது என்மேல் இருந்த மனத்தாங்கலில் அந்த வழக்கத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாரா என்பது எனக்கு விளங்கவில்லை. மனைவியிடம் கேட்டால் சிரிப்பாள். எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு சாப்பாட்டு மேசைதான் இருக்கும். மாமி அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டு, "புள்ள, அவருக்குக் கறி காணுமா, இன்னும் வேணுமா எண்டு கேளு" என்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "காணும் எண்டு சொல்லு" என்பேன். மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது, என்னை ஏன் போட்டு வதைக்கிறீங்க?" என்று எழுந்து போய்விடுவாள். அவள் எழுந்து போனால் எங்கள் கதையும் அத்தோடு முடிந்துவிடும். அவள் திரும்பி வரும் வரைக்கும் குழம்பு வேண்டுமென்றாலும் கேட்க வழியில்லாமல் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

மாமா நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வயல் முழுவதும் மாமியின் கையில்தான். விதைப்பு, பசளை, தண்ணீர் முறை எல்லாவற்றையும் தானே பார்ப்பார். ஒவ்வொரு பெரும்போகத்திலும் அவருக்கு இருந்த ஒரே தலையிடி அறுவடைதான். வெளியூரிலிருந்து வரும் வெட்டு மெசின்கள் பெரிய வயல்காரரிடம் முதலில் போகும், துண்டு வயல்காரரிடம் மழை வந்த பிறகு வரும். இரண்டு போகம் பார்த்தார். மூன்றாவது போகத்துக்கு முன்னால் ஒரு பழைய வெட்டு மெசினைத் தானே வாங்கி வந்து முற்றத்தில் நிறுத்தினார். நான் அப்போது ஒரு கராஜில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். "அவரிட்டச் சொல்லு புள்ள, இதைக் கழட்டிப் பாத்துப் பூட்டித் தரச்சொல்லி" என்று மாமி சொன்னபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. மகள் வழியாகக் கேட்டதுதான் என்றாலும் உதவி உதவிதானே.

அந்த மெசினை நான் ஆணிவேர் வரை கழற்றினேன். நெல் சேரும் தாங்கியைச் சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கி, அதன் கீழே இருந்த கியர் பெட்டியைப் பிரித்து, ஒயில் கசியாமல் தடுக்கும் சீல்களை எல்லாம் புதிதாகப் போட்டேன். திருப்பிப் பூட்டுவதற்கு முதல் நாள் மாமி நல்ல நேரம் பார்த்தார். தாங்கியை ஏற்றினால் உள்ளே ஒன்றும் தெரியாது, உள்ளே இருப்பதற்கும் பூசை நடக்க வேண்டும் என்று மனைவி மூலம் தகவல் வந்தது. மறுநாள் காலையில் குளித்து, தட்டில் சந்தனமும் குங்குமமும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு வந்து, எஞ்சினுக்குப் பொட்டு, சக்கரப் பட்டிக்குப் பொட்டு, கதிர் உள்ளே போகும் தீனிவாய்க்குப் பொட்டு என்று சுற்றி வந்தார். கியர் பெட்டியிடம் வந்ததும் நின்றார். அதன் உச்சியில் காளான் மாதிரி ஒரு சின்ன உருண்டைத் தொப்பி இருக்கும். அதுதான் நெற்றி என்று நினைத்தார் போலும். ஒரு பெரிய கொட்டைப்பாக்கு அளவு சந்தனத்தை எடுத்து அந்தத் தொப்பியைச் சுற்றி அழுத்தி அப்பி, நடுவில் குங்குமத்தை வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

அந்தத் தொப்பி என்னவென்று எனக்குத் தெரியும். கியர் பெட்டி மூச்சு விடும் வாய் அது. ஓடும்போது பெட்டி சூடாகி, உள்ளே இருக்கும் காற்று விரிந்து, அந்தத் தொப்பியின் அடியில் உள்ள துளைகளால் வெளியே வரும். அதை அடைக்கக் கூடாது. நான் மெசினுக்கு அந்தப் பக்கம் நின்றேன். கையில் துணி இருந்தது. ஒரு துடை துடைத்திருந்தால் போதும். ஆனால் மாமி வைத்த பொட்டை, அதுவும் வேதக்கார மருமகன், அதுவும் அவர் கண்ணுக்கு முன்னால் துடைப்பதா? அவர் வீட்டுக்குள் போன பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் தாங்கியைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், மாமியும் நல்ல நேரம் முடியும் வரை அசையாமல் அங்கேயே நின்றார். தாங்கி ஏறியது. பின்னேரம் தேநீர் குடிக்கும்போது பொட்டைப் பற்றிய நினைப்பே என்னிடம் இல்லை. நான் மறந்துபோனேன் என்பதை இப்போது எவ்வளவு சொன்னாலும் நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மை அதுதான்.

அந்தப் போகத்துக்கு முன் நடந்த வயல்காரர் கூட்டத்தில் மாமி எழுந்து நின்று, "இந்த முறை வெளி மெசின் ஒண்டும் வேணாம். எங்கட வட்டையை என்ட மெசின் வெட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார். வட்டை என்றால் ஒரு வாய்க்காலை நம்பி ஒன்றாக விதைக்கும் வயல் வெளி முழுவதும். அவருடைய வயல் மட்டுமல்ல, பக்கத்தில் இருந்த துண்டு வயல்காரர் எல்லாருடைய நெல்லும் அதில் அடக்கம். ஒரு பெண்பிள்ளை சொன்ன வாக்கை நம்புவதா என்று ஒருவர் இருவர் முணுமுணுத்தார்களாம். ஆனால் சின்ன வயல்காரர் நம்பினார்கள். வெளி மெசின்களுக்குச் சொல்லி வைக்கவில்லை.

வெட்டுத் தொடங்கி இரண்டாம் நாள் காலை எனக்கு வயலிலிருந்து அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மெசின் வயலின் நடுவே நின்றது. அதன் வயிற்றின் கீழே கறுப்பாக ஒயில் சொட்டிச் சேற்றில் பரவியிருந்தது. டிரைவர் அதைப் பார்த்தபடியே, "சீல் போயிற்று அண்ணன். ஒரு மணித்தியாலம் ஓடினா ஊத்துது. கழட்டத்தான் வேணும்" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சீலைப் போட்டவன் நான்தானே. கழற்றுவதென்றால் மெசினை மேட்டுக்கு இழுக்க வேண்டும், தாங்கியைத் தூக்க வேண்டும், பெட்டியைப் பிரிக்க வேண்டும். நாலு நாளுக்குக் குறையாது. கிழக்கே கடல் பக்கமாக மேகம் ஏறிக்கொண்டிருந்தது. முற்றின நெல் ஒரு மழைக்குப் படுத்துவிடும், படுத்த நெல்லை எந்த மெசினாலும் அள்ள முடியாது.

வட்டைக் காரியம் பார்க்கும் விதானையார் தன் சைக்கிளை வரம்பில் சாய்த்துவிட்டு வந்தார். நல்ல மனிதர், ஆனால் நாற்பது குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். "வெளி மெசினுக்குச் சொல்லிவிட்டா அவங்க வர ரெண்டு மூணு நாள் செல்லும். இப்பவே சொல்லிப்போடுங்க, ஆள் அனுப்புறதா, இல்லையா?" என்று கேட்டார். மாமி வரம்பில் நின்றார். சேலையை இழுத்துச் செருகியிருந்தார், காலெல்லாம் சேறு. நான் அவரிடமிருந்து பத்தடி தூரத்தில் இருந்தேன். அப்போதும் அவர் பக்கத்தில் நின்ற என் மனைவியிடம்தான், "புள்ள, அவரிட்டக் கேளு. கழட்டத்தான் வேணுமா எண்டு கேளு" என்றார். குரலில் நடுக்கம் இருந்தது. அந்த நடுக்கத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"பின்னேரம் நாலு மணிக்குள்ள சொல்றன் எண்டு சொல்லு" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. கழற்றாமல் அந்தச் சீலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும், என் கை வேலைதான் பிழையா என்று தெரிந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

போனில் பொருத்தும் பழைய கமரா ஒன்று என்னிடம் இருந்தது. தாங்கிக்கும் எஞ்சின் சட்டத்துக்கும் இடையில் இரண்டு விரல் அகலத்தில் ஓர் இடுக்கு. அதற்குள் வயரை விட்டேன். அது தன் பாட்டுக்குப் போய் ஒரு வார்ப்பட்டியில் சுருண்டுகொண்டது. உருக்குக்கம்பியை அதனோடு சேர்த்துக் கட்டி விட்டேன். கம்பி வளைந்து போகும், விட்டதும் பழையபடி நிமிர்ந்துவிடும். ஈயக்கம்பியை விட்டேன். அது உள்ளே போகும்போது வழிக்கு ஏற்றபடி நல்ல பிள்ளையாக வளைந்தது, வெளியே இழுக்கும்போது வளைவு எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்தது. கையில் ஒரு நேர்க்கம்பியை வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரித்திருப்பான், சிரிக்கட்டும்.

பிறகுதான் செப்புக் குழாய் ஞாபகம் வந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நான் வேலை செய்த கராஜுக்கு ஓடி, குளிரூட்டிக்குப் போடும் குழாயில் ஒரு துண்டும், ஒட்டுவதற்கு வைத்திருக்கும் காஸ் விளக்கும் எடுத்து வந்தேன். செம்பு வித்தியாசமான சாமான். இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்பைப் போட்டால் இளகும். இளகின குழாயைப் பெருவிரலாலேயே வளைக்கலாம், வளைத்த வளைவு அப்படியே நிற்கும். குழாய்க்குள் கமரா வயரைச் செருகினால் போதும். ஆனால் எங்கே எவ்வளவு வளைப்பது? உள்ளே அது எதில் இடிக்கிறது என்று தெரியாமல் வளைத்தால் பொழுது போய்விடும். குழாயின் வெளியே ஏதாவது ஈரமாகப் பூசிவிட்டால், இடித்த இடத்தில் பூச்சு அழிந்து வரும், அந்த இடத்தைத் திருத்தலாம். சேறு பூசிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மனைவியிடம், வீட்டில் துணிக்குப் போடும் நீலம் இருக்கிறதா என்று கேட்டேன். வரம்பிலிருந்து மாமியின் குரல் வந்தது: "என்ட மாடத்தில இருக்கு. நீலம் என்னத்துக்காம், கேளு புள்ள." அந்த அவதியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

நீலத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசி உள்ளே விட்டேன். எடுத்துப் பார்த்தால் ஒரு முழத்தில் அழிந்திருந்தது. அங்கே காய்ச்சி, நனைத்து, இடப்பக்கம் கொஞ்சம் சரித்தேன். மறுபடி பூசினேன், மறுபடி விட்டேன். இந்த முறை அதைத் தாண்டிப் போய் இன்னொரு இடத்தில் இடித்தது. ஒவ்வொரு தடவையும் நாலு விரல் தூரம் கூடுதலாகப் போனது. கண் தெரியாத இருட்டில் ஒரு குறுகலான ஒழுங்கையில் சுவரைத் தடவித் தடவி நடப்பது மாதிரித்தான். ஏழாவது தடவை குழாய் ஓரிடத்திலும் இடிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கி, கைப்பிடி வரை போய் நின்றது. அதன் பிறகு எத்தனையோ கருவி செய்துவிட்டேன், அந்த ஏழாவது தடவையின் சுகம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

கமரா வயரைக் குழாய்க்குள் செருகி விட்டுப் போனைப் பார்த்தேன். சீலைத்தான் தேடினேன். ஆனால் குழாயின் கடைசி வளைவு கொஞ்சம் உயர்ந்துவிட்டதால் கமரா கியர் பெட்டியின் உச்சியைக் காட்டியது. சின்ன வெளிச்சத்தில் உருண்டையாக ஒரு தொப்பி. அதைச் சுற்றி ஓடு மாதிரிக் காய்ந்து வெடித்த மஞ்சள் நிறப் பற்று. நடுவில் சிவப்பு.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. சீலில் பிழையில்லை. மூச்சு விட வழியில்லாத பெட்டி ஒயிலைச் சீல் வழியாகத் தள்ளுகிறது. பிழை அந்தப் பொட்டில், அதைத் துடைக்காமல் மேலே தாங்கியை ஏற்றிய என்னில். நிமிர்ந்தேன். டிரைவர் ஒரு தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றத் தோளுக்கு மேலால் விதானையார். அவருக்குப் பின்னால், என்னிடம் அவ்வளவு கிட்டத்தில் ஒருநாளும் வந்திராத மாமி. அவருடைய கண் போனில் இருந்தது. தன் கையால் வைத்ததை அடையாளம் தெரியாதவரா அவர்? முகத்தில் இரத்தம் வற்றிப் போயிருந்தது. கூட்டத்தில் எழுந்து வாக்குக் கொடுத்த பெண், தன் கும்பிடாலேயே அந்த வாக்கைக் கெடுத்தார் என்று இந்த நாற்பது வீட்டிலும் பேசுவார்கள். அடுத்த போகத்திலும் பேசுவார்கள், அதற்கடுத்த போகத்திலும் பேசுவார்கள்.

"என்ன தம்பி அது?" என்றார் விதானையார்.

"குளவி" என்றேன். "மூச்சுப் போற ஓட்டையில குளவி கூடு கட்டியிருக்கு. செம்மண்ணால கட்டியிருக்கு. சீல் நல்லாத்தான் இருக்கு. கழட்டத் தேவையில்ல."

டிரைவர் தலையில் கை வைத்தான். "இந்தக் குளவிக்கு வேற இடமே கிடைக்கல்லையா?" என்று குளவிச் சாதியையே திட்டத் தொடங்கினான். நான் அவனைத் திட்டவிட்டேன். சபையில் சாட்சி சொல்லும் குடும்பத்தில் பிறந்தவன் நான், பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அன்றைக்குச் சிவக்கவில்லை.

மிச்ச வேலை சுலபம். ஒரு சைக்கிள் பிறேக் கேபிளின் நுனியை அடித்துத் தட்டையாக்கி, அதன் உறையோடு சேர்த்துக் குழாயின் வெளிப்பக்கம் நூலால் வரிந்து கட்டினேன். குழாய் வழி காட்ட, கேபிள் உள்ளே போய்ச் சுரண்டியது. போனைப் பார்த்துக்கொண்டே முன்னும் பின்னும் இழுத்தேன். பற்று ஓரமாக உடைந்தது. எஞ்சினைச் சூடாக்கி ஓடவிட்டிருந்ததால், தொப்பியின் அடி திறந்ததும் அடைபட்டிருந்த காற்று "உஸ்" என்று பாய்ந்தது. சூடான ஒயில் மணத்தோடு சந்தன மணமும் வந்தது. டிரைவருக்குத் தடிமனில் மூக்கு அடைத்திருந்தது, விதானையாரோ வெற்றிலை போட்டிருந்தார், தப்பினேன். பற்றின் துண்டுகள் மெசினின் கீழே விழுந்தன. மஞ்சளும் சிவப்புமாக, சேற்றில் நன்றாகத் தெரிந்தன. மாமி மெதுவாகக் குனிந்து, சிந்திய நெற்கதிரைப் பொறுக்குகிற மாதிரி அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, முந்தானை நுனியில் முடிந்துகொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் பார்க்காத மாதிரி ஒயில் ஊற்றப் போனேன்.

நாலு மணிக்கு முன்பே மெசின் கிளம்பியது. ஒரு சொட்டுக் கசியவில்லை. நாலாம் நாள் பொழுதுபட, வட்டையின் கடைசித் துண்டு வயலையும் வெட்டி முடித்தோம். அடுத்த நாள் காலையில் மழை இறங்கியது. வெட்டின வயலில் மழை விழும் சத்தத்தைப் போல நிம்மதியான சத்தம் வேறில்லை. அன்றைக்கு மத்தியானம் மாமி, "புள்ள, அவருக்கு இன்னும் கொஞ்சம் கறி போடு" என்றார். காணுமா என்று கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. குளவியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, மனைவியிடம் நானும் சொல்லவில்லை.

அடுத்த பெரும்போகத்துக்கு முன் தாங்கியை மறுபடி இறக்கினேன். அந்தத் தொப்பியைக் கழற்றி, ஒரு ரப்பர் குழாய் வைத்து, மூச்சு வாயை வெளியே எல்லாரும் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுவருவதாகத் திட்டம். அதைச் செய்தால் என் செப்புக் குழாய்க்கு வேலை இல்லாமல் போகும் என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன், பார்ப்பதற்குக் கருவியே தேவைப்படாத மெசின்தான் நல்ல மெசின். ஆனால் அதற்கு முதல் பூசை. மாமி குளித்துத் தட்டோடு வந்தார். எஞ்சினுக்குப் பொட்டு, சக்கரப் பட்டிக்குப் பொட்டு, தீனிவாய்க்குப் பொட்டு. கியர் பெட்டியிடம் வந்தார். சந்தனத்தைக் கையில் எடுத்தார். இந்த முறை என்ன ஆனாலும் துடைத்துவிடுவது என்று துணியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

மாமி கையை நிறுத்தினார். திரும்பினார். மனைவி அவர் பக்கத்திலேயே நின்றாள், ஆனால் மாமி அவளைப் பார்க்கவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இதுக்கு வேணா, தம்பி" என்றார். "குளவி கூடு கட்டும்."

கையில் எடுத்த சந்தனத்தைத் தட்டில் திருப்பி வைக்கக் கூடாது போலும். சுற்றுமுற்றும் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார், அது பொட்டு வைக்கிற நெற்றி அல்ல என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் மதித்தார். என் பக்கத்துப் பலகையில் செப்புக் குழாய் கிடந்தது. அதை எடுத்து, கைப்பிடிக்கு மேலே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் அழுதேன் என்று அவள் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கண்ணில் கற்பூரப் புகை பட்டது என்று நானும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அன்றைக்குத் தொடங்கிய மாமி இன்றுவரைக்கும் கதையை நிறுத்தவில்லை. ஐந்து வருஷத்து மிச்சமும் சேர்த்து வருகிறது. நான் கராஜ் போட்ட இடம் சரியில்லை, நான் குடிக்கும் தேநீரில் சீனி கூட, நான் செய்யும் கருவிகளை வாங்குகிறவர்கள் நன்றாக வைத்திருக்கிறார்களா என்று போய்ப் பார்க்க வேண்டும். மனைவிக்கு இப்போது எங்கள் இடையில் வேலை இல்லை. செவ்வாய், வெள்ளியில் சந்தைக்கு வருகிற வழியில் மாமி கராஜுக்குள் ஏறி, புதிதாகச் செய்து வைத்திருக்கும் கருவிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஆணியில் தொங்கும் குழாயில் பழைய பொட்டு உதிர்ந்திருந்தால் புதிதாக வைத்துவிட்டுப் போவார். இந்த ஊரில் எந்த மெசினின் உள்ளேயும் இனிப் போகப் போவதில்லை அது. என்னிடம் இருக்கும் கருவிகளில் அதைப் போல் கவனிக்கப்படுகிற கருவியும் வேறில்லை.

போன வெள்ளிக்கிழமை பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் இஞ்சினியர் வந்திருந்தார். படித்த இளந்தாரிப் பிள்ளை. தன் குளிரூட்டிக்குச் செய்த கருவியைப் போட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டு, போகும்போது ஆணியில் இருந்த குழாயைக் கண்டார். பொட்டைப் பார்த்தார், கலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கு ஏன் அண்ணன் பொட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நான் வழக்கம் போலக் குனிந்து திருகாணி தேடத் தொடங்கினேன். மரக்கறிப் பையோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த மாமி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், எனக்கு முந்திப் பதில் சொன்னார்:

"அதுவா மகன்? குளவி வராம இருக்கத்தான்."